ரிவர்ஸ் பாட்டு

“அந்த ரிவர்ஸ் பாட்டைக் கழட்டிடுங்க சார். கிளெய்மை நான் வாங்கித் தர்றேன்.”

காலையிலிருந்து இதையே சொல்லிச் சொல்லி மைக்கேல்ராஜுக்கு வாய் வலித்தது. கார் சர்வீஸ் சென்டரில் கஸ்டமர்களிடம் பேசுவதுதான் அவன் வேலை. பேசுவது பாதி, திட்டு வாங்குவது மீதி.

எதிரே உட்கார்ந்திருந்த ஜெயவேலு மசிகிற ஆளாகத் தெரியவில்லை.

“எதுக்குப்பா கழட்டணும்? கூடுதலா ரெண்டு வருஷத்துக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டின்னு தனியாக் காசு வாங்குனீங்கல்ல? வயரிங் கருகிப் போச்சுன்னு வந்தா, செல்லாதுங்கிறீங்க. வாங்கும்போது பல்லெல்லாம் தெரியச் சிரிச்சீங்க, இப்ப சட்டம் பேசறீங்க!”

“சார், ஜே.சி. ரோட்டுக் கடையில போய் அந்தப் பாட்டு டப்பாவை மாட்டுனது நீங்க. ரிவர்ஸ் லைட் வயரை வெட்டி ஒட்டுப் போட்டிருக்காங்க. அங்கேருந்துதான் கருகியிருக்கு. வெளியில வயரை வெட்டினா வாரண்டி கிடையாது.”

“அப்ப கிளெய்மே கிடையாதா?”

“கிடையாதுன்னுதான் கம்பெனி இன்ஸ்பெக்டர் சொன்னாரு. முனிகிருஷ்ணன்னு பேரு. ‘ஆகல்ல, ஆகல்ல’ன்னு கன்னடத்துல ஒரே பிடியா நின்னாரு. நான் கெஞ்சிக் கூத்தாடி, இந்த ஒரு தடவை பாஸ் பண்ணிடறேன்னு அவர் வாயால சொல்ல வெச்சிருக்கேன். டப்பாவைக் கழட்டிட்டு, இனிமே மாட்ட மாட்டேன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

வேறு யாராவது என்றால் எழுந்து கை கொடுத்திருப்பார்கள்.

“முடியாது” என்றார் ஜெயவேலு.

மைக்கேல்ராஜுக்குச் சுர்ரென்று ஏறியது. வண்டியைப் பின்னால் எடுத்தால் போதும், டிங்டாங் டிங்டாங் என்று தெருவையே எழுப்பிவிடும் டப்பா. பெங்களூரில் அதைக் கேட்டு எரிச்சல்படாத காது ஒன்று உண்டா? முழு வயரிங்கையும் இலவசமாக மாற்றித் தருகிறேன் என்று இவன் சொல்கிறான். மனுஷன் டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுகிறார்!

“அப்படி என்னதான் சார் இருக்கு அந்தப் பாட்டுல?”

“அது எங்க வீட்டு விஷயம். உங்க கிளெய்மும் வேணாம், ஒண்ணும் வேணாம். என் கைக்காசைப் போட்டே செஞ்சுக்கறேன். ஆனா பாட்டு இருந்தபடியே இருக்கணும், ஆமா.”

சொல்லிவிட்டு விடுவிடென்று போய்விட்டார்.

இரண்டு நாளில் வயரிங் வேலை முடிந்தது. மெக்கானிக் கடைசியாகப் பாட்டு டப்பாவைக் கையில் எடுத்தபோது மைக்கேல்ராஜ் தடுத்தான்.

“அதை மாட்டாதே. டிக்கியில தூக்கிப் போடு.”

வீம்புதான். கொஞ்சம் நல்லெண்ணமும் இருந்தது. பாட்டு இல்லாமல் ஒரு வாரம் ஓட்டினால் மனுஷன் தானாக மறந்துவிடுவார், அடுத்த கிளெய்மாவது தப்பும் என்று அவனாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டான்.

ஜெயவேலு வீடு லிங்கராஜபுரம். அவன் வீட்டுக்குப் போகிற வழிதான். சாயந்தரம் அவனே வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று அவருடைய செல்போனுக்கு அடித்தான். அவர் ஆனேக்கல்லிலிருந்து வரும் பஸ்ஸில் இருந்தார்.

“ரொம்ப சந்தோஷம் தம்பி. நான் வந்து சேர நேரமாகும். நீங்க ஹார்ன் அடிச்சா என் சம்சாரம் ரஞ்சிதம் வந்து கேட்டைத் தொறப்பா. முட்டுச் சந்து, ரிவர்ஸ்லதான் உள்ள விடணும். பாட்டு மாட்டியாச்சுல்ல?”

“ஆச்சு சார், ஆச்சு.”

இன்னுமா இந்தப் பாட்டு என்று அலுத்துக்கொண்டே போனை வைத்தான்.

சந்து முனையில் நின்று ஹார்ன் அடித்தான். உள்ளே கேட் திறக்கிற சத்தம் கேட்டது. ரிவர்ஸ் போட்டு மெல்லப் பின்னால் விட்டான். வீட்டை நெருங்கும்போது கண்ணாடியைப் பார்த்தவன் பதறிப்போய்ப் பிரேக்கை மிதித்தான்.

வண்டிக்கு ஒரு முழம் பின்னால், சந்தின் நடுவில், ஒரு அம்மா அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

மைக்கேல்ராஜ் கதவைத் திறந்துகொண்டு குதித்தான். வந்த பயம் அத்தனையும் கோபமாகத்தான் வெளியே வந்தது.

“ஏம்மா, நடு வழியில நிக்கிறீங்களே! வண்டி பின்னால வர்றதைப் பார்த்து ஒதுங்க வேணாமா?”

அந்த அம்மா அவன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“எனக்குப் பார்வை போயி ரெண்டு வருஷமாச்சுப்பா. மெயின் ரோட்டு இரைச்சல்ல எந்த வண்டி எங்க போகுதுன்னே புரியறதில்ல. நம்ம வண்டி உள்ள வந்தா பாட்டு கேக்கும், உடனே சுவத்தோரமா ஒதுங்கிக்குவேன். அதுக்குன்னே அவரு தேடிப் போய் மாட்டிக்கிட்டு வந்தது. இன்னிக்கு ஏன்பா பாட்டு வரல?”