உரம் போட்ட கூடை

"இதுக்குப் பதிலா வாங்கறவங்களுக்கு நேரா விஷத்தையே குடுத்துடலாமே!"

புவனேஸ்வரி போட்ட சத்தத்தில், தராசைத் துடைத்துக்கொண்டிருந்த நாகஜோதி நிமிர்ந்தாள்.

எரியோட்டிலிருந்து வேடசந்தூர் போகும் ரோட்டில், தன் பேரீச்சைத் தோட்டத்து வாசலிலேயே தகரக் கொட்டகை போட்டுப் பழம் விற்கிறவள் நாகஜோதி. ஆடி மாதத்தில் குலை மஞ்சளாகிவிட்டால் அவளுக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. கொட்டகையில் இரண்டு கூடைகள். ஒன்றின் மேல் 'இயற்கை முறையில் விளைந்தது' என்று அட்டை. இன்னொன்றின் மேல் 'உரம் போட்டது'. பின்னதற்குப் பாதி விலை.

திண்டுக்கல்லிலிருந்து காரில் வந்திருந்த புவனேஸ்வரி லேசுப்பட்டவள் இல்லை. இயற்கை உணவுக்கென்றே ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறாள். அவள் வீட்டு வாசற்படியைத் தாண்ட வெள்ளைச் சர்க்கரைக்கு அனுமதி கிடையாது. இயற்கைக் கூடையில் இரண்டு கிலோ வாங்கிய கையோடுதான் இந்தச் சண்டையை ஆரம்பித்திருந்தாள்.

"அந்தக் கூடையை யார் வாங்குவா?"

"நூல் மில்லுக்குப் போற பொம்பளப் புள்ளைகம்மா. இப்ப மில் பஸ் வரும். ஷிப்ட் முடிஞ்சு இங்கன இறங்குற புள்ளைக வாங்கிட்டுப் போகும்."

"காசு இருக்கறவங்களுக்கு நல்ல பழம், இல்லாதவங்களுக்கு யூரியா பழமா? மரத்துக்கு என்ன போடறோமோ அதுதானே பழத்துல வரும்! எரு போட்டா வேரு நிதானமா மண்ணுல இருக்கிற சத்தையெல்லாம் இழுக்கும். உரத்தைக் கொட்டினா பழம் ஊதும், சத்து ஏறாது. தெரியுமா உனக்கு?"

"கேள்விப்பட்டிருக்கேம்மா."

"கேள்விப்பட்டுமா இப்படிப் பண்றே?"

"ரெண்டையும் தின்னு பாத்துட்டுத் திட்டுங்களேன்" என்று கூடைக்கு ஒரு பழமாக எடுத்து நீட்டினாள் நாகஜோதி.

முதலில் இயற்கை. புவனேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"தேன்! தொண்டை வரைக்கும் இனிக்குது பாரு."

அடுத்தது உரம் போட்டது. கடித்ததுமே முகம் அஷ்டகோணலாகிவிட்டது.

"சக்கை! மருந்து வாடை வேற அடிக்குது. பதினஞ்சு வருஷமா இயற்கை உணவு சாப்பிடற நாக்கு இது. இதை ஏமாத்த முடியாது."

நாகஜோதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்கிறியா? சிரி சிரி. பஸ் வரட்டும், இந்தப் பழத்தைத் தொடாதீங்கன்னு அந்தப் பொண்ணுங்ககிட்ட நானே சொல்றேன். குழுவுலயும் போடறேன்."

போனை எடுத்து 'உரம் போட்டது' அட்டையைப் படம் பிடித்தாள். நாகஜோதிக்குச் சிரிப்பு பறந்துவிட்டது.

"யம்மா, அப்படி மட்டும் செஞ்சுறாதீங்கம்மா. செத்த நேரம் தோட்டத்துக்குள்ள வாங்க."

"எதுக்கு?"

"உரம் போட்ட மரத்தையும் ஒரு போட்டோ எடுத்துக்கிருங்க."

அதைவிட வேறென்ன வேண்டும்? புவனேஸ்வரி முந்திக்கொண்டு நடந்தாள். உள்ளே போனால் மரத்தடி எங்கும் ஆட்டுப் புழுக்கை. பார்த்துப் பார்த்துக் கால் வைக்க வேண்டியிருந்தது.

"வருசா வருசம் ஆட்டுக்கிடை போடுறோம்மா, அதான்" என்றாள் நாகஜோதி.

"சரி, இதெல்லாம் இயற்கை மரம். உரம் போட்டது எது?"

"அப்படி ஒண்ணு இந்தத் தோட்டத்துலயே இல்லம்மா. ரெண்டு கூடையிலயும் கிடக்கிறது ஒரே மரத்துப் பழம். காலையில குலையை வெட்டி நாந்தான் பாதி பாதியாக் கொட்டுனேன்."

பதினைந்து வருட அனுபவமுள்ள அந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"அப்ப எதுக்கு அந்த அட்டை?" என்று ஒருவழியாகக் கேட்டாள் புவனேஸ்வரி.

"மில்லுல ரத்தம் சோதிச்சுப் பாத்தாங்களாம். பாதிப் புள்ளைகளுக்கு ரத்தம் பத்தலையாம். பேரீச்சை தின்னுங்கன்னு நர்சம்மா சொல்லி விட்டிருக்காக. அதுக இங்க வந்து வெலையைக் கேட்டுட்டு, ஒரு பழத்தை எடுத்து உருட்டிப் பாத்துட்டு, பேசாமப் போகும்க. பாக்கவே சங்கடமா இருந்துச்சு. சும்மா குடுத்தா வாங்க மாட்டேங்குதுக. ரோசக்காரப் புள்ளைக."

"அதனால?"

"அதுகளுக்குன்னு ஒரு கூடையை வெலையைக் கொறச்சு வச்சேன். பஸ் வாரதுக்குள்ள கார்ல வந்தவுக அம்புட்டையும் அள்ளிட்டுப் போயிட்டாக. மறுநாளும் அதே கதை. அப்புறந்தான் இந்த அட்டையை எழுதி வச்சேன். இப்ப ஒரு காரும் அந்தக் கூடைப் பக்கம் திரும்புறதில்ல."

"உரம் போட்டதுன்னா அந்தப் பொண்ணுங்க யோசிக்கலையா?"

"கடையில விக்கிற எல்லாமே உரம் போட்டதுதானே அக்கான்னு சிரிச்சுக்கிட்டே வாங்குதுக. ஆனா உங்களை மாதிரி படிச்சவுக வெசம்னு சொல்லிட்டா, அப்புறம் கையால தொடாதுகம்மா."

புவனேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. எடுத்த படத்தை அங்கேயே அழித்தாள்.

"என்ன மனசு உனக்கு! நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். சத்தியம்."

இருவரும் கொட்டகைக்குத் திரும்பியபோது, தூரத்து வளைவில் மில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நாகஜோதி அவசரமாகப் பைகளைப் பிரித்து வைத்தாள்.

புவனேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு, தான் வாங்கிய இரண்டு கிலோ பையைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"பஸ் வர்றதுக்குள்ள இதைத் திருப்பி எடுத்துக்கிட்டு, அந்தக் கூடையில நாலு கிலோ போட்டுடேன்!"