பின்பக்கத்தில் விடை இல்லாத புத்தகம்

ஏழாம் வகுப்பின் ஜன்னலுக்கு வெளியே மூத்த கணக்கு டீச்சர் நிற்கிறாள். பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகள் படித்த கணக்குப் புத்தகம் அவள் எழுதியது. இந்த வருஷம் அதை எடுத்துவிட்டுப் புதியது கொடுத்திருக்கிறார்கள். அதன் பின்பக்கத்தில் விடைகளே கிடையாது. உள்ளே பெஞ்சுகளின் மேல் சாய்வெயில் விழுந்து கிடக்கிறது. முந்நூறு பேர் இருக்கும் அரங்கம், ஒரே கதவு, எத்தனை நிமிஷத்தில் காலியாகும் என்பது இன்றைய கணக்கு. பிள்ளைகள் வகுப்புக் கதவில் முட்டி மோதி வெளியேறிப் பார்த்துவிட்டு, இரைக்க இரைக்கத் திரும்பி வருகிறார்கள். கரும்பலகையில் புது டீச்சர் போட்ட விடைக்குக் கீழே தன் விடையை எழுதிவிட்டு, சாக்பீஸ் தூசி படிந்த கையோடு நிற்பது மூத்த டீச்சரின் மகள். வீட்டில் கணக்கு நோட்டைத் திறந்தாலே வாயடைத்துப் போகிறவள். “நீங்க போட்டது தப்பு மிஸ்! எல்லாரும் ஒண்ணா முட்டினா கதவுல அடைச்சுக்கும், இன்னும் லேட்டாகும்!” என்று கத்துகிறாள். “அட, ஆமால்ல! இது எனக்குத் தோணவே இல்லையேடி!” என்கிறாள் புதிதாக வந்த டீச்சர். இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கும் விரல்கள் வெளுக்கின்றன. புத்தகம் போனதைக்கூட அவள் எப்படியோ பொறுத்துக்கொண்டாள். இந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. தன்னிடம் ஒருநாளும் ‘தப்பு’ என்று சொல்லத் துணியாத பெண், வந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒருத்தியிடம் எவ்வளவு உரிமையாகச் சொல்கிறாள்! மகள் தற்செயலாகத் திரும்பி ஜன்னலைப் பார்க்கிறாள். சிரிப்பு சட்டென்று அடங்குகிறது. கரும்பலகைப் பக்கம் திரும்பி, தான் எழுதியதைப் புறங்கையால் மெதுவாக அழிக்கத் தொடங்குகிறாள்.