துறையில் சுழன்ற காற்றாலை

அன்றைக்கென்று பார்த்து ஓர் இலைகூட அசையவில்லை. ஆனாலும் படகுத்துறையில் காற்றாலை ஜோராகச் சுழன்றுகொண்டிருந்தது.

சோதனைக்கு வந்த அதிகாரி அசந்துபோனார். "காத்தே இல்லையே, எப்படிய்யா சுத்துது?"

"நமக்குத் தெரியாத காத்தெல்லாம் அதுக்குத் தெரியும் சார்!" என்றார் படகுக்காரர்.

"இந்தக் கரண்ட்லதான் படகு ஓடுதா?"

"ஆமா சார். டீசல் வேணாம், புகை கிடையாது."

"அப்ப அக்கரைக்குப் போய்ப் பாத்துட்டே கையெழுத்துப் போடுறேன்."

படகுக்காரரின் மச்சான்தான் அங்கே எலெக்ட்ரீஷியன். அவன் முகத்தில் ஈயாடவில்லை. மெல்லக் குனிந்து படகிலிருந்த ஒயரைக் கழற்றிவிட்டுத் தானும் படகில் ஏறிக்கொண்டான்.

படகு கிளம்பியது. காற்றாலை நின்றது.

நடு ஆற்றில் படகும் நின்றது.

"பேட்டரி ஃபுல்லுன்னியேடா?" என்று பல்லைக் கடித்தார் படகுக்காரர்.

"காலையில ஃபுல்லாத்தான் இருந்துச்சு மாமா. காத்தாடியை எப்படியாச்சும் சுத்த வைன்னு நீங்கதானே சொன்னீங்க?"