கெமாஸ் வரை

பஞ்சாலை அம்மாளின் இறுதி ஊர்வலம் பங்களா வாசலைக் கடந்தபோது உறுமி முழங்கவில்லை.

மேளக்காரர்கள் எட்டுப் பேர். உறுமிகள் தோளில் தொங்கின. குச்சிகள் இடுப்பில் செருகப்பட்டிருந்தன. சங்கு ஊதுபவர் சங்கைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். சவ வண்டியின் எஞ்சின் ஓசையும், சரளைக்கல்லில் செருப்புகள் உரசும் ஓசையும் மட்டுமே கேட்டன.

பிற்பகல் மூன்று மணி. மேசையை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தேன்.

மலேசியாவின் லாபுவில் உள்ள இந்தப் பங்களா ஒரு காலத்தில் தோட்ட மேலாளருடையது. இப்போது சிரம்பானிலிருந்து இயங்கும் ஒரு கலை அறக்கட்டளை, எழுதுவதற்கென்று ஆண்டுக்கு ஓர் எழுத்தாளரை ஒரு மாதம் இங்கே தங்கவைக்கிறது. இவ்வாண்டு நான். இது இருபத்து நான்காம் நாள்.

முதல் நாள் வரவேற்பில் பேசினேன். படைப்பு அமைதியில் விளைவது என்றேன். ஒரு நாய் குரைத்தால் ஒரு வாக்கியம் செத்துவிடும் என்றேன். முப்பது ஆண்டுகள் இலக்கணம் கற்பித்தவன் பேசினால் மக்கள் குறுக்கிட மாட்டார்கள்.

முன்வரிசையில் இருந்த பஞ்சாலை அம்மாள் மட்டும் குறுக்கிட்டார்.

“அப்ப நாங்க தும்முனாகூட ஒங்க கதை ஓடிப்போயிருமா சார்?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மறுநாள் முதல் கோயில் ஒலிபெருக்கி செம்பனைக் காட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. வேலை முடிந்து வருபவர்கள் பங்களா மேட்டில் மோட்டார் சைக்கிளை அணைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

நான் அதைக் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அமைதி இல்லாததால் எழுத முடியவில்லை என்று சொல்லிவந்தவன், அமைதி கிடைத்த பிறகு வேறு காரணம் தேட வேண்டும். இருபத்து மூன்று நாள்களாகத் தேடிக்கொண்டிருந்தேன். மேசையில் புதிய நாவலின் முதல் பத்தி மட்டும் இருந்தது.

மேளக் குழுத் தலைவர் ராமகிருஷ்ணன் என்னைக் கண்டு நின்றார்.

“சார், முனை திரும்புனதும் அடிச்சிக்கிறோம். கெழவிக்கு மட்டும் இப்ப வாய் இருந்திச்சுன்னா, ‘என்னாடா, பொணத்தத் திருடிக்கிட்டா போறீங்க’ன்னு ஏசும் லா.”

‘அடியுங்கள்’ என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். அதைச் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அவரும் ஓடிச் சேர்ந்துகொண்டார்.

பெண்கள் சுடுகாட்டுக்குச் செல்வதில்லை. பங்களா வாசலோடு நின்றுவிட்டார்கள். அவர்களிடையே புஷ்பவள்ளி இருந்தார். பஞ்சாலை அம்மாளின் மருமகள்; இங்கே எனக்குச் சமைப்பவர். அழுது முகம் வீங்கியிருந்தது.

“அத்தைதான் சார் சொல்லிட்டுப் போனாங்க” என்றார். “‘அவரு என் கதைய எழுதிக்கிட்டு இருக்காரு. நான் செத்தாலும் பங்களாகிட்ட மேளம் அடிக்காதீங்க, வேல கெட்டுரும்’னு. எங்க வூட்டுக்காரருக்கு மனசே இல்ல. பெத்தவள சத்தமில்லாம கொண்டு போறதான்னு ராமகிருஷ்ணன் அண்ணன்கிட்ட ஒரே சண்ட. அப்புறம் அம்மா வாக்காச்சேன்னு வுட்டுட்டாரு.”

பஞ்சாலை அம்மாள் மூன்று பிற்பகல்கள் என்னிடம் பேசியது உண்மைதான். தோட்டத்து மக்களுடன் எழுத்தாளர் உரையாட வேண்டும், மாத முடிவில் எழுதியதை அவர்கள் முன் படிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருந்தது. அறக்கட்டளையின் நிரோஷா அவரை அனுப்பிவைத்தார். துவைத்த சேலையோடு, தலைக்கு எண்ணெய் வைத்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பேசினார். தம் கதையைச் சொல்லுமாறு ஒருவர் அவரை அழைத்தது எண்பத்தொரு வயதில் அதுவே முதல்முறை.

“‘நான் பேசப் பேச சார் கை நிக்கவே இல்லடி’ன்னு லயத்து வீடு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாங்க” என்றார் புஷ்பவள்ளி. பிறகு குரலைத் தாழ்த்தினார். “கெமாஸ் வந்துருச்சா சார்?”

“எது?”

“கெமாஸ் ஸ்டேஷன்ல நடந்தது. அத எங்க யாருகிட்டயும் சொன்னதே இல்ல. பெத்த புள்ள எத்தன தடவ கேட்டிருப்பாரு. ‘சார்கிட்ட முழுசா எறக்கி வெச்சிட்டேன், அவரு படிக்கிறப்ப கேட்டுக்குங்க’ன்னுட்டாங்க.”

நினைவைத் துழாவினேன். ஒரு ரயில் நின்றது. யாரோ இறங்கினார்கள்; அல்லது யாரோ ஏறவில்லை. ஒரு பெயர் பலமுறை வந்தது. அது ஆணின் பெயரா, பெண்ணின் பெயரா என்பதுகூட நினைவில் இல்லை.

“வந்துவிட்டது” என்றேன்.

அவர் மற்றப் பெண்களிடம் திரும்பினார். “கெமாஸ் வந்துருச்சாம் லா.”

அவர்களில் ஒருவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

“சனிக்கிழம கூட்டத்துல அத மொதல்ல படிங்க சார். எங்க வூட்டுக்காரர முன்னாடி ஒக்கார வெக்கிறேன்.”

தலையசைத்தேன்.

என் கை நிற்கவில்லை என்று பஞ்சாலை அம்மாள் சொன்னது சரியே. மூன்று பிற்பகல்களும் தலை நிமிராமல் பேனாவை ஓட்டினேன். என் பழைய நாவல் ஒன்று மறுபதிப்புக்குப் போகிறது. அதன் அச்சுப்படிகளில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். ஒரு காற்புள்ளிகூடத் தவறவில்லை என்று பதிப்பாளர் நேற்றுப் பதில் எழுதியிருந்தார்.

நான் பின்தங்கிவிடக் கூடாதென்று பஞ்சாலை அம்மாள் அவ்வப்போது பேச்சை நிறுத்தி, என் பேனாவைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்.

மூன்றாம் நாள் ஓரிடத்தில் நெடுநேரம் காத்திருந்தார். கெமாஸ் அதுவாக இருக்கலாம்.