பொனற்றுக்கு எட்டாத பொட்டு

பியர்பொன்ட்ஸ் புறநகர் வீட்டு வாசலில், கழுவிய பிக்கப் வண்டியின் புதிய இரும்புப் பம்பரில் ஏப்ரல் வெயில் பட்டுத் தெறிக்கிறது. இடுப்பளவு டயர்கள் நான்கின் முன்னாலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் இருக்கிறது. சஸ்பென்ஷனை மாற்றியதில் வண்டி அரையடி உயர்ந்துவிட்டது. பொட்டு வைக்கச் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கும் சிவமலருக்கு, எஞ்சினை மூடும் பொனற் எட்டவில்லை. வீட்டுக்குள் எஞ்சின் ஒயில் மணக்குதென்று குளிர்காலம் முழுக்க ஏசியவரும் அவர்தான். பக்கத்து வீட்டுப் பூபாலசிங்கம் வேலியில் சாய்ந்தபடி சிவமலரின் மகன் பிருந்தனிடம் கேட்கிறார்: "தம்பி, எந்தக் கராஜில செய்விச்சனீர்?" பிருந்தன் வாய் திறக்குமுன் சிவமலர் சொல்கிறார்: "அவனுக்கு ஒரு நட்டுக் கழட்டத் தெரியாது. எல்லாம் என்ர மருமகள் பூட்டினது." நகமெல்லாம் கறுத்துப்போன தாட்சாயினி ஸ்டூல் எடுக்கத் திரும்புகிறாள். "வேண்டாம் பிள்ளை" என்று சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, சிவமலர் பம்பரிலேயே ஏறுகிறார். அது அசையவில்லை. பொட்டு வைத்து முடிந்த பிறகும் அவர் இறங்காமல், தெருவைப் பார்த்தபடி நிற்கிறார்.