ஏழு குடும்பத்துக்காரர்

“பேரு அப்துல் கஃபார். கதவு எண் பதினாலு. இது வரைக்கும் ஏழு கட்டுரையிலயும் ஒண்ணுதான்” என்றார் பாண்டியன் சார். “குடும்பம் மட்டும் ஏழு தினுசு.”

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எல்லோரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

தபால் வழியில் பி.ஏ. சமூகவியல், மூன்றாம் வருடம். ஏழு பெண்களும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருப்பவர்கள். ஆளுக்கொரு குடும்பத்தை நேரில் பேட்டி எடுத்து எழுத வேண்டும். ஒருவர் போன வீட்டுக்கு இன்னொருவர் போகக் கூடாது. அது சார் போட்ட விதி.

ஹெலனுக்கு இந்த வருடம் டிகிரி கைக்கு வந்தால் லைன் சூப்பர்வைசர் வேலை. மேனேஜரே வாக்குக் கொடுத்திருக்கிறார். தவறினால் அந்த நாற்காலி வேறு யாருக்கோ.

“ஹெலன் எழுதினதுல பாய்க்கு ஒரே பையன். பாரதி எழுதினதுல நாலு மருமக, ஒரே அடுப்பு. சௌமியா எழுதினதுல பள்ளிகொண்டாவுல வீட்டோட மாப்பிள்ளையா இருந்து, மாமியாரோட சண்டை போட்டுட்டு ராத்திரியோட ராத்திரியா ஓடி வந்தவர். ஷர்மிளா எழுதினதுல...” சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “பாய்க்கு இன்னும் கல்யாணமே ஆகலை.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“அவரு வாயால சொன்னது சார். சொல்றப்போ கண்ணுகூட கலங்கிட்டாரு” என்றாள் ஷர்மிளா.

“புளுகாதடி” என்று ஹெலன் எழுந்துவிட்டாள். “அவரு பையன் பெங்களூர்ல இருக்கான். எங்கிட்டயே சொன்னாரு. நீ வீட்டுல குந்திக்கினு எழுதிட்டு வந்துட்ட.”

“நீ இன்னா, அவரு கல்யாணத்துல பந்தி பரிமாறினியா?”

“எங்கிட்ட நாலு மருமக பேரும் சொன்னாரு” என்று பாரதி நடுவில் புகுந்தாள். “மூணாவதுக்குக் காது கேக்காது.”

அவ்வளவுதான், ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சார் மேஜையைத் தட்டினார்.

“ஒருத்தி எழுதினதுதான் நெஜமா இருக்க முடியும். மத்தவங்களுக்கு முட்டை. கெளம்புங்க, பாய் வீட்டுக்கே போலாம்.”

இரண்டு ஷேர் ஆட்டோவில் கிளம்பினார்கள். ஹெலன் வழி முழுக்க ஜெபம் பண்ணிக்கொண்டு வந்தாள். எதிரே ஷர்மிளா தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தினமும் மத்தியானம் ஒருத்தி டிபனை இன்னொருத்தி சாப்பிடுகிறவர்கள்.

கம்பெனி வேன் வந்து நிற்கிற தெருதான். லோடுமேன் அப்துல் கஃபார் மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி, வாசலில் உட்கார்ந்திருந்தார். ஏழு பேரும் ஒன்றாக இறங்குவதைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தார். கால் விடவில்லை.

“போச்சு” என்று முனகினார்.

“பாய், நான் இவங்களுக்குப் பாடம் நடத்துறவன். இந்த ஏழுல எது உங்க குடும்பம்?”

பாய் எதிர்வீட்டு மாடியைப் பார்த்தார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி வஹீதா வந்தார். பேட்டி நடந்த நேரத்திலெல்லாம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தவர்.

“இன்னா சார் இவ்ளோ கூட்டம்?”

“உங்க வீட்டுக்காரருக்குக் கல்யாணம் ஆகலைன்னு ஒரு கட்டுரை இருக்கும்மா.”

வஹீதா பாயைப் பார்த்தார். பாய் மாவுக்கட்டைப் பார்த்தார்.

“மத்ததுலயாவது நான் இருக்கேனா?”

“ஒண்ணுல நீங்க இறந்துட்டீங்க. இன்னொண்ணுல உங்களுக்கு வாய் ஜாஸ்தின்னு இருக்கு.”

“செத்ததுகூடப் பரவால்ல. எனக்கா வாய் ஜாஸ்தி?” என்று ஆரம்பித்தவர், தெருமுனை டீக்கடைக்காரர் எட்டிப் பார்க்கும் வரை நிறுத்தவில்லை. அந்த ஒரு வரி மட்டும் சரிதான் என்று சார் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

மூச்சு வாங்கிவிட்டு வஹீதா சொன்னார்: “எங்களுக்கு ஒரே பையன் சார். பெங்களூர்ல இருக்கான்.”

ஹெலன் துள்ளினாள். “நான்தான் சொன்னேன்ல?”

ஷர்மிளா முகத்தைத் திருப்பித் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள்.

சார் சிவப்புப் பேனாவைத் திறந்தார். பாய் எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பசங்க மேல தப்பு இல்ல சார். நான் சொன்னதைத்தான் எழுதிக்கினு போனாங்க. மொதல்ல வந்தது ஹெலன் பொண்ணு. ‘ரெண்டு பேர் ஒரே மாதிரி எழுதினா சார் முட்டை போட்ருவாரு, நான் வந்தத யார்கிட்டயும் சொல்லாதீங்க பாய்’னு கேட்டுக்கிச்சு. நான் சொல்லல.”

ஹெலனின் துள்ளல் நின்றது. மெல்ல ஷர்மிளாவின் பக்கத்தில் போய் நின்றாள். ஷர்மிளா முழங்கையால் ஒரு இடி கொடுத்தாள். வலித்தது. ஹெலன் நகரவில்லை.

சார் பேனாவை மூடினார். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தது எல்லோருக்கும் தெரிந்தது.

“சரி, ஆறு பேரும் வேற வீடு பார்த்து எழுதிட்டு வாங்க. ஒரு வாரம் டைம். கூடப் போய்க் கதவு தட்டுறது ஹெலன் வேலை.”

பிறகு பாயிடம் திரும்பினார். “ஏன் பாய், இங்க ஏற்கெனவே ஆள் வந்தாச்சு, வேற வீடு பாருன்னு அனுப்பியிருக்கலாமே?”

“அனுப்பத்தான் பார்த்தேன் சார். தெருவுல எல்லாக் கதவையும் சாத்திட்டாங்க பாய்னு ஒவ்வொண்ணும் மூஞ்சி வாடி வந்து நிக்குதுங்க. எங்கிட்ட நெஜம்னு இருந்ததே ஒண்ணு, அது மொதல்ல வந்த பொண்ணுக்குப் போய்டுச்சு. மத்ததுங்கள வெறுங்கையோட எப்பிடி சார் அனுப்புறது?”