நம்ம ஆள் இல்லை

“‘பில்லு இல்லேன்னா எங்க வூட்டுக்காரரு வேலையே செய்யலேன்னு ஆயிடுமா?’ இப்படிக் கேட்டாளாமே அவ! மண்டி வாசல்ல நின்னுக்கிட்டு, கடைத்தெருவே வேடிக்கை பார்க்க! நீங்க என்ன பண்ணீங்க, கல்லாப்பெட்டிக்குப் பின்னால ஒளிஞ்சீங்களா?”

இளவரசி வைத்த வேகத்தில் காபி பாதி மேஜையில் சிந்தியது.

அவள் புருஷன் தினகரன் டம்ளரை ஓரமாக நகர்த்திவைத்தார். உத்திரமேரூரில் அரிசி மண்டி நடத்துகிற மனுஷர். ஊருக்கெல்லாம் பேசுகிறவர், கொஞ்ச நாளாக வீட்டில் வாயைத் திறப்பதே சாப்பிடத்தான்.

‘அவ’ என்றது சிட்டம்மாளை. காவாந்தண்டலம் கிராமத்துக்காரி. அவள் புருஷன் சேட்டு ஒயரிங் வேலை பார்ப்பவன். இந்த வீட்டின் புது மாடியில் வேலை செய்துகொண்டிருந்தவன், கைப்பிடிச் சுவர் எழும்பாத பக்கமாகக் கீழே விழுந்து செத்துப்போனான்.

அந்த மாடி முழுக்கக் கணக்கில் வராத பணம். செங்கல்லிலிருந்து ஸ்விட்ச் வரை ஒன்றுக்கும் பில் கிடையாது. யோசனை இளவரசியுடையது. காஞ்சிபுரத்து கான்ட்ராக்டர் ஒருவர் டாக்ஸோடு சேர்த்து எஸ்டிமேட் நீட்டியபோது, “கவர்ன்மென்ட்டுக்கு நாங்க ஏன் சார் மொய் எழுதணும்?” என்று அவரை வாசலோடு அனுப்பியவள் அவள்தான். சேட்டுக்கு வாராவாரம் கையில் கூலி. கையெழுத்து கிடையாது, ரசீது கிடையாது. இந்தக் கெட்டிக்காரத்தனத்தை அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தும் இருக்கிறாள்.

அவன் விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொத்தனார்கள் வராத நாள். இளவரசி ஓரிக்கையில் அக்கா வீட்டில் இருந்தாள். தினகரன் போன் செய்தார். போலீஸ் வந்திருக்கிறது, என்ன சொல்லட்டும் என்றார்.

இவள் யோசிக்கவே இல்லை. வேலைக்கு வைத்தோம் என்றால், மாடி ஏது, பணம் ஏது என்று நாளைக்கு இன்கம்டாக்ஸ்காரன் வந்து நிற்பான்.

“நம்ம ஆள் இல்லைன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க.”

அப்படியே சொல்லிவிட்டதாக அவர் அன்றைக்குச் சொன்னார். ஸ்டேஷனில் முடிந்துவிட்டது என்றார். இவளும் துருவவில்லை.

“யாரோ அவளைத் தூண்டி விட்டிருக்காங்க,” என்றாள் இளவரசி இப்போது. “அடுத்தது வக்கீலைக் கூட்டிக்கிட்டு வருவா. ஒரு கவர்ல ஏதாவது போட்டுக் குடுங்க. நான் பேசி அனுப்பறேன்.”

கவர் கைக்கு வந்த நேரம், கேட் திறந்தது. சிட்டம்மாள்தான். செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

“வாம்மா. மண்டியில போய்க் கத்தினியாமே. இங்கயாவது மெதுவா பேசு.”

“கத்தலம்மா. ஐயா என்னைப் பாத்துட்டு அந்தாண்ட திரும்பிக்கினாரு. காதுல வியட்டும்னு கேட்டேன்.”

இளவரசி கவரை நீட்டினாள். இது நாங்களாகப் பார்த்துச் செய்வது, வெளியில் மூச்சு விடக் கூடாது, இத்தோடு முடிந்தது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

சிட்டம்மாள் கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“வேணாம்மா. எனுக்கு உடம்புல தெம்பு கீது.”

“பின்னே எதுக்கு வந்தே?”

நடவுக்கு யாரும் தன்னைக் கூப்பிடுவதில்லை என்றாள் அவள். சேட்டு வேலை பார்த்த வீடுகளிலெல்லாம் பீரோவைத் திறந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். மகளை முன்னே பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் சத்தமே காட்டவில்லையாம்.

இளவரசிக்குப் புரியவில்லை. “விழுந்து செத்ததுக்கு ஏன் உங்களை ஒதுக்கணும்?”

சிட்டம்மாள் அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“ஐயா உங்களாண்ட சொல்லலியா? அவரு மாடிலேர்ந்து வியும்போது தோள்ல ஒயரு சுருளு இருந்துச்சும்மா. உங்க ஆளு இல்லேன்னா ஒயரு திருட ஏறுனவனான்னு ஏட்டு கேட்டாராம். ஐயா சும்மா நின்னுக்கினு இருந்தாராம். அப்டியே எய்திக்கினாங்க.”

இளவரசி புருஷன் பக்கம் திரும்பினாள். “ஏங்க?”

“நீதானே,” என்றார் தினகரன், தரையைப் பார்த்தபடி, “அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதேன்னே.”

லுக்மான் பாயின் எலக்ட்ரிக் கடைக்கும் போய் வந்தாளாம் சிட்டம்மாள். அந்த ஒயரை சேட்டு இந்த வீட்டுக்காக வாங்கி வந்தது அங்கேதான். பில் போடாமல் கொடுத்த சரக்கு, வாயைத் திறந்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று அவரும் அழுதாராம்.

“நாளைக்கு அவருக்குக் காரியம்மா. திருடன் காரியத்துக்கு நாங்க இன்னாத்துக்கு வரணும்னு பங்காளிங்க கேக்குறாங்க. நீங்க ஸ்டேசனுக்கு வர வேணாம். எங்கியும் கையெய்த்துப் போட வேணாம். பந்தலாண்ட வந்து, நாலு பேரு காதுல வியற மாதிரி, ‘சேட்டு எங்க வூட்டுக்கு வேலைக்கு வந்தவன், திருட வரல’ன்னு சொல்லிட்டு வந்துடுங்க. அது போதும் எனுக்கு.”

தினகரன் நிமிரவில்லை. இளவரசியின் கையில் கவர் அப்படியே இருந்தது.

சிட்டம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஒரு வார்த்தைதாம்மா. வர்றீங்களா?”